என்ன அடுப்பு, ஆச்சி?

ஆசிரியருக்கு,

ஓய்வுபெறும் நுரையீரல் மருத்துவப் பேராசிரியர் பற்றிய தங்கள் கட்டுரை, அவரது வகுப்பறையை விரித்துரைத்து, புறநோயாளிப் பிரிவை இரண்டே வரியில் முடித்துவிட்டது. பேராசிரியர் நோயாளியைப் பார்ப்பதும் பாடம்தான். காசநோயை வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று 1959இல் சென்னை ஆய்வு உலகுக்குக் காட்டியது, ஏழை வீடுகளின் நோயாளிகளைக் கொண்டுதானே?

முறுக்குச் சுட்டுப் பிழைக்கும் என் பெரியம்மாவுக்குப் பல ஆண்டுகளாக ஆஸ்துமா என்றே மருந்து. மதுரையில் ஒரு பேராசிரியர்தான், "என்ன அடுப்பு, ஆச்சி?" என்று கேட்டார். மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, விறகுப் புகையால் வந்த நாள்பட்ட மூச்சடைப்பு நோய் என்றார். பெரியம்மாவோ பீடியைத் தொட்டே அறியாதவர்! சிவகங்கை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் வாரம் ஒருநாள் காரைக்குடி அரசு மருத்துவமனையில், அந்த ஊதுகருவியோடு நோயாளிகளைப் பார்க்க அரசு ஏற்பாடு செய்யலாம்.

– வாசகர், காரைக்குடி