அண்ணாச்சிக்கு, ரைஸ் கோட்டை விஷயமாக

அன்புள்ள அண்ணாச்சி,

இன்றைக்கு அக்டோபர் 17. ஏன் எழுதுகிறேன் என்று தேதியைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். ரைஸ் கோட்டைச் சிப்பாய்களைப் பற்றி நாம் சேர்ந்து எழுதிய தொடர் எங்கே நின்றது, யாரால் நின்றது, அதற்கப்புறம் போனில் யார் யாரை என்ன சொன்னோம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நம்மைத் தெரிந்த ஐம்பது அறுபது பேராவது இதை வாசிப்பார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததே அதிகம்.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மூன்றாவது பகுதியையும் நாலாவதையும் நானே எழுதிப் போடப் போகிறேன். மூன்று வருடம் காத்திருந்து பார்த்தாயிற்று. அந்தக் கோட்டையில் செத்துப்போன 81 பேர் இனியும் நமக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கீழே சில இடங்களில் உங்களுக்கு அத்துப்படியான சங்கதியையே எழுதியிருக்கிறேன். அது புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு. உங்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பட்டாளத்தை எனக்குக் காட்டிக்கொடுத்ததே நீங்கள்தான், அதை எங்கேயும் மறைத்ததில்லை.

நாம் கோட்டையைப் பார்க்கப் போன அன்று, வடக்கு டகோட்டாவில் மண்டனிலிருந்து தெற்கே போகும் 1806 சாலை. மிசௌரி ஆறு இடது பக்கம் வருவதும் மறைவதுமாக இருந்தது. கோட்டை என்ற பெயரை நம்பிப் போன நமக்குக் கிடைத்தது ஒரு புல்மேடு, கட்டடங்கள் இருந்த இடத்தைக் காட்டும் அடையாளங்கள், தரையில் சில பள்ளங்கள், ஒரு விளக்கப் பலகை. அவ்வளவுதான். காற்று மட்டும் 1864இல் அடித்தது போலவே அடித்துக்கொண்டிருந்தது. பேப்பர் தட்டை வெளியே எடுத்தோம், அது கனடா பக்கமாகப் பறந்து போயிற்று. காருக்குள்ளேயே உட்கார்ந்து அக்கா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை எவர்சில்வர் டப்பாவோடு சாப்பிட்டோம். "பேரு மட்டும் ரைஸ் கோட்டை, சோத்துக்குத்தான் வழியில்லாம இருந்திருக்கானுவ" என்று நீங்கள் சொன்னதும் எனக்குப் புரையேறியது. உள்நாட்டுப் போரில் ஸ்பாட்ஸில்வேனியா சண்டையில் செத்துப்போன ஜெனரல் ஜேம்ஸ் ரைஸின் பெயர் அது என்று இருமலுக்கு நடுவே நான் திருத்தினேன். "தெரியும்ல, தின்னு" என்றீர்கள்.

அந்தச் சிரிப்புக்கும் அடுத்து நீங்கள் சொன்ன வாக்கியத்துக்கும் நடுவில் ஐந்து நிமிஷம்கூட இருக்காது. மூன்று வருடமாக நான் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன் வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிடிபட்ட தென்மாநிலச் சிப்பாய்களை வைத்திருந்த இடங்களில் ஒன்று மேரிலாந்தின் பாயிண்ட் லுக்கவுட். விரிகுடாவும் ஆறும் சேரும் மணல் நுனி. கட்டடம் கிடையாது, கூடாரம்தான், குடிக்கிற தண்ணீரும் மோசம். 1864 தொடக்கத்தில் அங்கே கைதிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நாலு வழி சொன்னார்கள். கைதிப் பரிமாற்றத்தில் தெற்கே திரும்பிப் போகலாம். விசுவாசப் பிரமாணம் எடுத்து, வடக்கின் ராணுவத்திலோ கடற்படையிலோ சேரலாம். பிரமாணம் எடுத்துவிட்டு வடக்கே கூலி வேலைக்குப் போகலாம். அல்லது ஊர் வடக்கின் வசம் இருந்தால், பிரமாணத்தோடு வீட்டுக்கே போகலாம். முதல் வழி பேருக்குத்தான் இருந்தது, பரிமாற்றம் அப்போது அநேகமாக நின்றுபோயிருந்தது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டு ஜெனரல் பட்லர் உருவாக்கியதுதான் முதலாவது அமெரிக்கத் தன்னார்வக் காலாட்படை. அதன் தலைவர் கர்னல் சார்லஸ் டைமன், வயது 23.

இவர்களைத் தெற்கோடு மோதவிட்டால், பிடிபடுகிறவனைத் துரோகி என்று சுட்டுவிடுவார்கள். அதனால் வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட் இவர்களை வடமேற்கு எல்லைக்கு அனுப்பச் சொன்னார். ஆறு கம்பெனி, ஏறத்தாழ 600 பேர், செயின்ட் லூயிஸிலிருந்து எஃபி டீன்ஸ் என்ற நீராவிப் படகில் ஏறினார்கள். ஆற்றில் தண்ணீர் வற்றிப் படகு போக முடியாமல் ஆனதும் இறக்கிவிட்டார்கள். மீதி 250 மைலுக்கு மேல் நடை. ரைஸ் கோட்டைக்கு வந்து சேர்ந்த நாள்தான் 1864 அக்டோபர் 17.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி நீங்கள் இரண்டாம் பகுதியில் எழுதியதற்கு மேல் நான் என்ன எழுதிவிடப் போகிறேன்? காட்டன்வுட் மரக்கட்டைச் சுவர், மண் போட்ட கூரை. ஆறு உறைந்தால் படகு வராது, படகு வராவிட்டால் காய்கறி வராது. உப்புப் பன்றிக்கறி, கல் மாதிரி பிஸ்கட். ஈறு வீங்கி ரத்தம் வரும், பல் ஆடும், என்றைக்கோ ஆறிப்போன காயத்தின் தழும்பு திரும்பத் திறந்துகொள்ளும். ஸ்கர்வி. எலுமிச்சையும் வெங்காயமும் வேகாத உருளைக்கிழங்கும் அதற்கு மருந்து என்பது ராணுவத்துக்குத் தெரியாத ரகசியம் இல்லை. முதல் வருடத்தில் அங்கே செத்த 81 பேரில் 37 பேர் ஸ்கர்வியில் போனார்கள், 24 பேர் தீராத வயிற்றுப்போக்கில். தாக்குதலில் செத்தவர்கள் வெறும் 7 பேர்.

அந்த 37ஐ என் நோட்டுப் புத்தகத்திலிருந்து நீங்கள்தான் சத்தமாக வாசித்தீர்கள். வாசித்துவிட்டு, விரலில் இருந்த ஊறுகாய்த் துண்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தீர்கள். எண்ணெய் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. "ஒரு எலுமிச்சங்காய்க்கு வழியில்லாம செத்திருக்கான் பாரு" என்றீர்கள். குரல் உடைந்திருந்தது. நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்துவிடுவேன் என்று நினைத்தேன்.

அப்புறம் கை துடைக்க முன்னால் இருந்த டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தீர்கள். அதற்குள் டிஷ்யூ பேப்பருக்கு மேலே சாண் நீளத்துக்கு ஒரு அமெரிக்கக் கொடி, குச்சியோடு. குடியுரிமை விழாவில் எல்லோர் கையிலும் ஒன்று கொடுப்பார்களே, அது. நான் பிரமாணம் எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. உங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

டிஷ்யூவை உருவினீர்கள், பெட்டியை மூடினீர்கள், விரல் விரலாகத் துடைத்தீர்கள். பிறகு கண்ணாடி வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "ஆனா ஒண்ணு தம்பி. உயிர் பிழைக்க எதிரிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தவன் அவன். அவனுக்காக ரொம்ப அழணும்னு இல்ல."

கொடியைப் பார்த்தீர்களா? எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. பார்த்துவிட்டுத்தான் சொன்னீர்கள் என்றால் அது எனக்கு. பார்க்காமல் சொன்னீர்கள் என்றால் அது அவர்களுக்கு. நான் கேட்டிருக்கலாம். "மழை வர்ற மாதிரி இருக்கு, கிளம்பலாமா" என்றேன். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. திரும்பும் வழியில் ஜேம்ஸ்டவுன் தாண்டும் வரை இருவரும் பேசவில்லை.

முதலிலேயே சொல்லாதது என் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பத்து பேருக்கு முன்னால் கேட்கிறேன், அதுவே உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும். ஆனால் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். காரணத்தை இங்கே முழுசாக எழுத மாட்டேன், அம்மா விஷயம் உங்களுக்குத் தெரியும். இந்தியப் பாஸ்போர்ட்டும் பச்சை அட்டையும் வைத்திருக்கிறவன் ஊரில் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த அட்டையே சந்தேகத்துக்கு வந்துவிடும். குடிமகனுக்கு அந்தப் பயம் இல்லை. ஊரில் போய் இருப்பதற்காகத்தான் ஊரை எழுதிக்கொடுத்தேன் அண்ணாச்சி. சொன்னால் சிரிப்பாக இருக்கிறது, சரி, சிரியுங்கள்.

பிரமாணத்தில் பழைய அரசு, பழைய விசுவாசம் எல்லாவற்றையும் அறவே துறக்கிறேன் என்று ஒரு வரி வரும். சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்துவேன் என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவதைச் சொல்லும்போது எனக்கு பாயிண்ட் லுக்கவுட் நினைவுக்கு வந்தது, நம்புங்கள். கூடாரத்திலிருந்து வந்தவன் இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து முதல் காரியமாக என்ன செய்திருப்பான்? நான் வெளியே வந்து பார்க்கிங் மீட்டருக்குக் காசு போட்டேன்.

உங்களுக்கு அந்தப் பிரமாணம் தேவைப்படவில்லை, நீங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள். மதிக்கிறேன். ஆனால் உங்கள் மகன் மினியாபோலிஸில் பிறந்த அன்றே அவனுக்கு இந்தக் குடியுரிமை கிடைத்துவிட்டது, அதை நீங்கள் வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு பாஸ்போர்ட்டும் நீல நிறம்தான், அண்ணாச்சி. இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அவர்களைத் துரோகி என்று சொன்ன வாயால்தான் அதே பட்டாளத்துச் சிப்பாய் வில்லியம் டௌடியைப் பற்றி அவ்வளவு இளகி எழுதினீர்கள். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. படகில் கலகம் பேசினான் என்று படகிலேயே விசாரித்து, மேலிடத்து ஒப்புதலுக்குக்கூடக் காத்திருக்காமல், 1864 செப்டம்பர் 9 அன்று கரையில் நிறுத்திச் சுட்டார்கள். அவனும் அதே பிரமாணம் எடுத்தவன்தானே? எடுத்துவிட்டு முரண்டு பிடித்தவன் நல்லவன், எடுத்துவிட்டுச் சொன்ன வேலையைச் செய்து பல் கொட்டிச் செத்தவன் துரோகியா? டைமனைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. பின்னால் அந்தப் பகுதியில் வடக்கின் படையை நடத்திய ஜெனரல் சல்லிக்கே அந்தப் பையனின் அவசரம் பிடிக்காமல் கோட்டைப் பொறுப்பை வேறு ஆளிடம் கொடுத்தார். அந்த இடத்தில் நமக்குள் சண்டை இல்லை.

இருவருமே ஒன்றைச் சரியாகச் செய்யவில்லை என்றும் தோன்றுகிறது. கிட்டத்தட்ட இரண்டு பகுதி முழுக்க சிப்பாய்களின் ஈறையே எழுதியிருக்கிறோம். அந்த நிலம் பூர்வகுடிகளான லக்கோட்டா மக்களுடையது. 1864 ஜூலை 28 அன்று கில்டீர் மலையில் சல்லி அவர்களுடைய முகாமைத் தாக்கி, கூடாரங்களையும் சேர்த்துவைத்த இறைச்சியையும் எரித்தார். சரியாக ஒரு வருடம் கழித்து, அதே ஜூலை 28 அன்று லக்கோட்டாத் தலைவர் சிட்டிங் புல் ரைஸ் கோட்டைக்கு வந்தார். நம் எழுத்தில் அவர் "தாக்கியவர்" என்று ஒரு வரியில் வந்து போகிறார். நாலாம் பகுதியை அங்கிருந்து தொடங்குகிறேன். உங்களுக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

கடைசியாகப் பெயர் விஷயம். இந்தக் கைதிச் சிப்பாய்களுக்கு வந்த 'கால்வனைஸ்டு யாங்கி' என்ற பட்டப்பெயருக்கு "சாயம் பூசிய வடக்கத்தியான்" என்று நீங்கள் போட்டீர்கள். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது வருடம் பைப் கம்பெனியில் இருந்த மனிதர் நீங்கள். கால்வனைஸ் பண்ணுவது சாயம் அடிப்பதா? துத்தநாகம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கீறல் விழுந்தால் முதலில் தான் அரித்துப்போகும், உள்ளே இருக்கிற இரும்பை விட்டுவைக்கும். இதை எனக்குச் சொன்னதே நீங்கள், உங்கள் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிக் காட்டிக்கொண்டு. அப்படியிருந்தும் "சாயம்" என்று ஏன் போட்டீர்கள்? நான் "துத்தநாகம் பூசிய" என்று மாற்றுகிறேன். தலைப்புக்குச் சரிவராது என்பீர்கள். வரவில்லைதான்.

டௌடி பற்றிய நாலு பத்தியும் உங்களுடையவை. அதில் ஒரு கமாவைக்கூடத் தொடமாட்டேன். மேலே உங்கள் பெயர் போடவா வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி வரை, உங்கள் நேரப்படி, பார்ப்பேன். போனில் வேண்டாம், இரண்டு வரி எழுதினால் போதும். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்த டப்பா மூடி என்னிடம்தான் இருக்கிறது.

உங்கள் தம்பி