27 நிமிடமா, 27 சுற்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டியூக் எலிங்டனின் ஜாஸ் குழு நியூபோர்ட் விழாவில் வாசித்த ‘எலிங்டன் அட் நியூபோர்ட்’ இசைத்தட்டு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், பால் கோன்சால்வெஸ் “27 நிமிடம் இடைவிடாமல்” சாக்ஸபோன் ஊதியதாக அச்சிட்டிருக்கிறீர்கள். அவருக்கு நுரையீரல் எத்தனை என்பதையும் சொல்லியிருக்கலாம். அவர் வாசித்தது 27 சுற்று. ப்ளூஸ் என்ற இசை வடிவத்தில் சுற்றுக்கு 12 பார் (தாள அளவு); ஆக 324 பார். அந்த வேகத்துக்கு ஆறு நிமிடம் சொச்சம்தான் வரும். அவர் ஊதிய ‘டிமினுயெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ’ உருப்படி முழுவதுமே 15 நிமிடத்தை எட்டவில்லை. கடிகாரம் பார்த்திருந்தாலே போதும்.

“முழுக்க மேடையில் பதிவானது” என்பது அடுத்த முத்து. நிகழ்ச்சி 1956 ஜூலை 7 இரவு. ஜூலை 9 அன்று ஸ்டூடியோவில் கணிசமான பகுதியை மறுபடி வாசித்து, கைதட்டலை மேலே ஒட்டித்தான் கொலம்பியா நிறுவனம் அந்தத் தட்டை வெளியிட்டது. கோன்சால்வெஸ் வாசிப்பு மேடையில் பதிவானதுதான். ஆனால் அவர் ஊதியது கொலம்பியாவின் மைக்கில் அல்ல, பக்கத்திலிருந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில். அதனால்தான் பழைய தட்டில் சாம் வுட்யார்டின் டிரம்ஸ் முன்னால் நிற்க, சாக்ஸபோன் எங்கோ தூரத்தில் கேட்கிறது. அதைத் தங்கள் விமர்சகர் “திறந்தவெளியின் ஆழம்” என்று சிலாகிக்கிறார்!

அந்த வானொலியின் ஒலிநாடா பிற்பாடு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அகப்பட்டது. அதுவும் கொலம்பியா நாடாவும் மோனோ, அதாவது ஒற்றைத்தட ஒலி. ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்து, 1999-இல் ஸ்டீரியோவாக இரட்டை சிடி வந்தது. இரண்டு பதிவுக் கருவிகளின் ஓட்டமும் அச்சொட்டாக ஒத்துப்போகாது. நூலிழை பிசகினாலும் எதிரொலி தட்டும். அதனால் வேகத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை திருத்திக்கொண்டே போக வேண்டும். ஹெட்போனில் ஒரு காதைக் கழற்றி, மாற்றி மாற்றிக் கேட்டால் எது யாருடைய மைக் என்று தெரிந்துவிடும். ஸ்டூடியோ வாசிப்புகளும் அந்த சிடியில் தனியாக இருக்கின்றன.

இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா? ஆனால் டிராம்போன் படத்துக்கு டிரம்பெட் என்று குறிப்பு போட்டதும், பியானோக்காரர் கவுண்ட் பேஸியை டிரம்பெட் கலைஞராக்கியதும் இதே பக்கம்தான். அன்றிரவு மேடையோரம் சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டி வாத்தியக்காரர்களை உசுப்பேற்றிய ஜோ ஜோன்ஸ், அந்த பேஸியின் பழைய டிரம்மர். அவருக்கு ஒரு வரிகூட இல்லை. மறுப்பு எழுதினால் போடுவதும் இல்லை.

இனி விமர்சனத்தின் அடியில் எந்த ஆண்டுப் பதிப்பு, மோனோவா ஸ்டீரியோவா என்றாவது போடுங்கள். அரை வரி போதும். விளம்பரத்துக்கு இடம் குறையாது.

தங்கள் வாசகன்