பெண்கள் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களின் சொத்துரிமை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், சட்டம் சமபங்கு கொடுத்த பிறகும் நம் பெண்கள் மனமுவந்து அதை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதே கட்டுரையில் பொருளாதார அறிஞர் பீனா அகர்வாலின் பெயரும் வருகிறது. எந்த எண்ணத்தை மறுத்து அவர் பக்கம் பக்கமாக எழுதினாரோ, அதற்குப் பக்கத்திலேயே அவர் பெயரைப் போட்டிருக்கிறீர்கள்.

1994-இல் வந்த அவருடைய 'எ ஃபீல்ட் ஆஃப் ஒன்ஸ் ஓன்' (தனக்கென ஒரு நிலம்) நூல் உங்கள் அலுவலகத்துக்குத் தெரியாததல்ல. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும், கணவன் இறந்தாலோ கைவிட்டாலோ போய் நிற்க அண்ணன் வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது, அதனால்தான் பெண்கள் வாய் திறப்பதில்லை என்று அதில் விளக்கியிருக்கிறார். பெண்களுக்குத் தங்கள் நலன் எது என்று தெரிவதில்லை என்ற வாதத்தை அமர்த்தியா சென் போன்றவர் வைத்தபோதுகூட அகர்வால் ஏற்கவில்லை. பெண்ணை வெளியிலிருந்து கட்டிப்போட்டிருப்பது என்ன என்று பாருங்கள் என்றார்.

நான் பார்த்திருக்கிறேன். அப்பா காலமான பிறகு அண்ணன் வந்து, அக்காவையும் என்னையும் காரில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது. ஆளுக்கு ஒரு பட்டுப்புடவை. என் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் தாய்மாமன் சீரோடு யார் வந்து நின்றிருப்பார்கள்? நன்றாக யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அதை மனமுவந்து செய்ததாக எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்தப் பங்கும் சும்மா வந்ததில்லை. 1989-இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டார்கள். அக்காவும் நானும் அப்படி விடுபட்டவர்கள். 2005-இல் நாடு முழுமைக்கும் திருத்தம் வந்தபோதுதான் பூர்வீகச் சொத்தில் எங்களுக்கும் சமபங்கு உண்டு என்று ஆனது. அந்தத் திருத்தத்துக்கான இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் அகர்வால். பல வட மாநிலங்களில் விவசாய நிலத்தை மகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்த பிரிவும் அப்போதுதான் நீங்கியது. 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டவர்கள் நாம். இது எதுவும் இல்லாமல் 'சட்டம் வந்தது' என்று மொட்டையாக எழுதினால் எப்படி?

ஆய்வாளர் பிரதீப் பாண்டாவோடு சேர்ந்து அகர்வால் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வையாவது சொல்லியிருக்கலாம். நிலமோ வீடோ இல்லாத மனைவியரில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். இரண்டும் தன் பெயரில் இருந்தவர்களில் 7 சதவீதம். படிப்பு, வேலை, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்த பிறகும் சொத்து தரும் பாதுகாப்பு உண்மை என்றே தெரிந்தது. கல்யாணத்துக்கு நகை சேர்க்கும் ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் படிக்க வேண்டிய செய்தி இது.

அப்புறம் உங்கள் விவசாயப் பக்கம். வருஷக்கணக்காக 'விவசாயி' என்றால் அதில் ஆண்தான். பெயர், ஊர், கைப்பேசி எண் எல்லாம் அவருக்கு. குனிந்து நாற்று நடுகிற பெண்களின் படத்துக்குக் கீழே 'நடவுப் பணி மும்முரம்' என்று மட்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பண்ணைகளில், எண்ணிக்கைப்படி, பெண்கள் பொறுப்பில் இருந்தவை ஏறத்தாழ 14 சதவீதம்தான். என் அக்கா கணவர் இறந்து, வயலை அவளே பார்க்கிறாள். சிட்டா இன்னும் மாமனார் பெயரில். வெள்ளத்தில் பயிர் போனபோது நிவாரணம் கேட்டுப் போனவளை, ஆண் யாரையாவது அனுப்பச் சொன்னார்கள். இதையும் முன்பு உங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை, பதிலும் இல்லை. உங்களுக்கு இடமில்லாமல் இருந்திருக்கலாம்.

இப்போது பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அரைப்பக்கம் கொடுங்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு பெண் என்னென்ன கேட்க வேண்டும், கூட்டுப் பட்டாவில் தன் பெயரைச் சேர்க்க எங்கே மனு கொடுக்க வேண்டும் என்று விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருவர்,
மன்னார்குடி