ஒரு வாக்கியமும் ஒரு மண்வெட்டிப் படமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுப் பூங்காக்களின் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பித்தான் படித்துக்கொண்டிருந்தேன், அந்த ஒரு வாக்கியம் வரும்வரை. மெட்டல் டிடெக்டரோடு திரிகிறவர்கள் பிறர் தொலைத்த வெள்ளியால் பையை நிரப்பிக்கொண்டு, புல்தரையைக் குழியாக்கிவிட்டுப் போகிறார்கள் என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதிவிட்டார். கூடவே ஒரு படம்: நீளமான மண்வெட்டியோடு ஒருவர், காலடியில் முழங்கால் ஆழக் குழி. பூங்காவில் நகை தொலைத்தவர்கள் கூப்பிட்டால் போய்த் தேடிக் கொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். இதற்காக யாரிடமும் காசு வாங்கியதில்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வாரம் விழுந்த மோதிரம் முழங்கால் ஆழத்துக்கு எப்படிப் போகும்? அது புல்லுக்கு அடியில், வேர்களின் மேலேயே கிடக்கும். வருடங்கள் ஓடினால் மண்புழுக்கள் கீழ்மண்ணை மேலே கொண்டுவந்து தள்ளத் தள்ள, பொருள் மெல்ல மூடிப்போகும். டார்வின் 1881-லேயே இதை விளக்கி எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்போதும் விரற்கடைக் கணக்குதான். எங்களிடம் இருக்கும் கருவிக்கு ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே இருக்கும் மோதிரம் கேட்பதே அபூர்வம். என் பையில் முனை மழுங்கிய ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சிறிய கத்தி, ஒரு துணி, ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும். மண்வெட்டி இருக்காது. மேலாகக் கிடந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாலே பொருள் வந்துவிடும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், புல்லை மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தை விட்டுவிட்டு, வேரோடு பெட்டி மூடியைப் போலத் திறப்போம். எடுத்த மண்ணைத் துணியில் கொட்டித் தேடுவோம். அப்புறம் மண்ணைத் திருப்பிப் போட்டு, புல்லை மூடி, காலால் அழுத்தி, தண்ணீர் விட்டுவிட்டுத்தான் நகர்வோம்.

பை நிரம்புகிறது என்பது உண்மை. எதனால் நிரம்புகிறது என்று கட்டுரையாளர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. அதனால் முழு வெள்ளி மோதிரமோ வளையலோ என்றால் கருவியில் சத்தம் உயர்ந்து, தெளிவாக வரும். ஆனால் பூங்காவில் தொலைவதில் பாதி, கொக்கி கழன்று விழுந்த சங்கிலியும் கொலுசும்தான். கருவியின் அடியில் இருக்கும் கம்பிச் சுருளான காயில், உலோகத்துக்குள் உண்டாக்கும் மின்னோட்டம் நன்றாகச் சுற்றிவர ஒரு முழு வளையம் வேண்டும். மோதிரம் ஒரே ஒரு இடத்தில் விண்டிருந்தாலே சத்தம் மங்கிவிடும். மெல்லிய சங்கிலி நீளமாகக் கிடந்தால் கருவி அதைக் கண்ணி கண்ணியாகத்தான் பார்க்கும். கேட்பது ஒரு சின்ன விக்கல் சத்தம். சாக்லேட் சுற்றிய ஃபாயிலுக்கும் அதே சத்தம்தான். ஆகவே ஒரு சங்கிலி வேண்டுமென்றால் அங்கே கிடக்கும் ஃபாயில் அத்தனையையும் எடுத்தாக வேண்டும். சோடா மூடி, டின் வளையம், துருப்பிடித்த ஆணி எல்லாம் சேரும். அவற்றைத் திருப்பிப் புல்லில் வீசிவிட்டு வரும் ஆளை நான் பார்த்ததில்லை. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்திலிருந்து நாங்கள் சுமந்துபோகும் ஆணிகளைப் பற்றி உங்கள் பத்திரிகை ஒரு வரி எழுதியதாகவும் நினைவில்லை.

ஒரு பெண்மணி, தன் தாயார் போட்டிருந்த கொலுசில் ஒற்றையைத் தொலைத்துவிட்டு அழைத்தார். நான் போவதற்குள் உறவுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கைகளால் புல்லைக் கோதி, கால்களால் மிதித்து, அதை ஈரமண்ணுக்குள் இன்னும் அழுத்தியிருந்தார்கள். இது ஒவ்வொரு முறையும் நடக்கிறது. ஊஞ்சலின் இரும்புச் சட்டம் பக்கத்திலேயே இருந்ததால் கருவி அலறிக்கொண்டே இருந்தது. காயிலைத் தரையோடு ஒட்டி, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, குறுக்கும் நெடுக்குமாகத் தேட வேண்டியிருந்தது. கிடைத்தபோது கொலுசின் முத்துகளுக்குள் மண் அடைத்து, ஆட்டினாலும் சத்தமே வரவில்லை. புடவைத் தலைப்பால் துடைக்கப் போனவரைத் தடுத்தேன். வெள்ளி மென்மையானது. ஒட்டியிருக்கும் மணலே அதைக் கீறிவிடும். தண்ணீரில் அலசினோம். ஒவ்வொரு முத்தாகச் சத்தம் வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறர் தொலைத்ததில் நான் நிரப்பிக்கொண்ட பை இதுதான் ஐயா.

இதற்கு முன்பும் இப்படித்தான். எங்கோ ஒரு வயலில் பழங்காசுக் குடம் கிடைத்தால் மட்டும் எங்கள் கருவிக்கு உங்கள் பக்கங்களில் இடம் கிடைக்கும். புதையல் வேறு, தொலைந்த நகை வேறு என்று ஒரு செய்தியிலாவது பிரித்துச் சொன்னீர்களா? பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனி நாணயம் தவிர்த்து, 300 வருடத்துக்கு மேல் பழையதாகவும் எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ளதாகவும் இருக்கும் பொருளை 14 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். போன மாதம் கழன்று விழுந்த கொலுசு எந்தக் கணக்கிலும் புதையல் ஆகாது. அதற்கு உடையவர் உயிரோடு இருக்கிறார், தேடிக்கொண்டிருக்கிறார்.

சரி, பூங்கா அலுவலகங்களாவது உதவுகின்றனவா? அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினால் பதில் வருவதற்குள் புல்வெட்டும் இயந்திரம் வந்துவிடுகிறது. அதன் கத்தியில் சிக்கிய வெள்ளி மோதிரம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். முறுக்கிய ஒரு துண்டு கிடைத்தது. உள்பக்கம், வெள்ளியின் தரத்தைக் காட்டும் 925 முத்திரையில் பாதிதான் மிச்சம். அதை உடையவரிடம் கொடுக்கப் போனபோது எனக்கு வார்த்தை வரவில்லை. அந்த இயந்திரத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கையில் பிடித்தால் கம்பி தானாகத் திரும்பி, பல மீட்டர் தள்ளிப் புதைந்திருக்கும் வெள்ளியைக் காட்டும் என்று ஒரு விளம்பரம் உங்கள் இதழிலேயே வந்துகொண்டிருந்தது. கண்டித்து எழுதிய கடிதத்தை நீங்கள் வெளியிடவில்லை. அதே வகையான பொய்க் கருவிதான் ஏடிஇ 651. கோல்ஃப் பந்து தேட என்று விற்ற விளையாட்டுச் சாமானை அடிப்படையாக வைத்துச் செய்தது. அதை வெடிகுண்டு காட்டும் கருவி என்று விற்றவருக்கு 2013-ல் பிரிட்டனில் 10 ஆண்டு சிறை கிடைத்தது. அந்த விளம்பரங்களை நம்பிக் கம்பியோடு பூங்காவுக்கு வந்து, கண்ட இடத்தில் தோண்டிவிட்டுப் போகிறவர்களின் குழிகள்தான் எங்கள் கணக்கில் எழுதப்படுகின்றன. உங்கள் மேல் மரியாதை இருப்பதால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கேட்பது சிறிய உதவி. அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள். பூங்காவில் நகை தொலைந்தால் கூட்டமாக இறங்கி மிதிக்க வேண்டாம். கடைசியாக நகை இருந்ததாக நினைவிருக்கும் இடத்தை அங்கேயே செல்போனில் படமெடுத்து வையுங்கள். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அந்தப் பகுதியில் புல்வெட்டுவதைச் சில நாள் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். கருவி வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். அதற்கு இடமில்லை என்றால், அந்த மண்வெட்டிப் படத்தையாவது இனிமேல் எங்களைப் பற்றிய செய்தியில் போடாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்