திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வார்டில் பார்த்த அக்காவுக்கு

பேரைக் கேட்டும் சொல்லாமல் போய்ட்டீங்க. அதனால இங்கேயே சொல்றேன்: ரொம்ப நன்றிக்கா.

மகளுக்கு டைப் ஒன் சர்க்கரைன்னு டாக்டர் சொன்னதும் சொந்தபந்தம் எல்லாம் அல்வாவைத்தான் குறை சொன்னுச்சு. நீங்கதான், "இனிப்பு தின்னு வந்ததில்ல தாயி. கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லை உடம்பே அழிச்சிடுது. யார் மேலயும் தப்பில்ல"ன்னு சொன்னீங்க. உங்க மகனும் இதே ஊசியோட வளர்ந்து காலேஜ் போறான்னு கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளி, தோலை லேசா மடிச்சு, இன்சுலின் பேனா ஊசியைக் குத்தி அழுத்தினதும் எடுக்காம பத்து வரை எண்ணணும். தினம் இடம் மாத்தணும், இல்லன்னா தோல் தடிச்சிடும். என் கையைப் பிடிச்சே பழக்கினீங்க. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ போனா உடனே குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி விரல்ல குத்திப் பார்க்கணும். இதை நோட்டுல பெரிய எழுத்துல எழுதித் தந்தீங்க. அதே தாள் இப்போ அவ டீச்சர் மேஜையிலயும் இருக்கு.

கரண்ட் போனா இன்சுலின் சூடாகாம இருக்க ஈர மண்பானைல வைக்கலாம்னு சொன்னதும் நீங்கதான். நம்ம ஊர் வெயிலுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

இப்போ அவளே விரல்ல குத்திப் பார்க்குறா. பேட்டை பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்கக்கா. மத்தியானச் சாப்பாடு எங்க வீட்லதான்.