புளியமரத்தடியில் போதும்

குடியாத்தம்,
30-10-2021

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தேர்தல் சந்தடியில் பதில் எழுத முடியவில்லை. அக்டோபர் 6, 9 தேதிகளில் நம் மாவட்டத்தையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்வார்களே, 2016 அக்டோபரிலிருந்து தலைவர் இல்லாத ஊராட்சி என்பதையும் அதில் சேர்த்திருக்கலாம். தனி அலுவலர்தான் எல்லாம். இப்போது என் தம்பி மனைவி வார்டு உறுப்பினர். வீட்டில் யாரும் அவளோடு வாதாடி ஜெயிக்க முடிவதில்லை!

ஜனவரி 26 கிராம சபையைக் கொரோனா பரவாமல் எப்படி நடத்துவது என்று என்னைக் கேட்டிருக்கிறாள். போன வருஷம் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வரிசையாக ரத்து. மே 7-ஆம் தேதி மதுக்கடை மட்டும் திறந்தது. இந்த அக்டோபர் 2 அன்று மற்ற மாவட்டங்களில் சபை கூடியது, முதல்வரே மதுரைப் பக்கம் பாப்பாபட்டிக்குப் போனார். நமக்குத் தேர்தல் நடத்தை விதி குறுக்கே வந்துவிட்டது.

சபையை ஜூமில், இணைய வழியாகவே நடத்தலாம் என்று நீ சொன்ன யோசனையை அவளிடம் சொன்னேன். உங்கள் இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் விதி போட்டு, கவுன்சில் கூட்டங்களை இணையத்தில் நடத்தவிட்டார்கள். அதுவும் 2021 மே 7 முதல் செல்லாது என்று ஆகிவிட்டது. குளிரில் வெளியே வராத கிழவர்கள்கூட வீட்டிலிருந்தே பேசினார்கள் என்று நீ எழுதியது உண்மைதான், ஆனால் அது அங்கே. இங்கே வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு. மொட்டைமாடிக்கு ஏறினால்தான் சிக்னல். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வேண்டிய ஆயாவிடம் அந்த ஒரு போனும் இல்லை. பேச வேண்டியவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்துவதற்குப் பெயர் சபையா?

ஆனால் சட்டம் கூட்டத்தைக் கேட்கிறது. மக்கள்தொகை 3,000-ஐத் தாண்டி 10,000 வரை இருந்தால், குறைந்தது 200 பேர் வந்தால்தான் சபை செல்லும். நம் சமுதாயக் கூடத்தில் நூறு பேர் உட்கார்ந்தாலே மூச்சு முட்டும். அங்கே வேண்டவே வேண்டாம் என்றேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச்சில் ஒரு கூடத்துக்குள் இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி நடந்தது. வந்த 61 பேரில் 53 பேர் படுத்துவிட்டார்கள், இரண்டு பேர் செத்தும் போனார்கள். மூடின இடம், உரத்த குரல், நீண்ட நேரம் மூன்றும் சேர்ந்தால் அப்படித்தான். நம் ஊர்க் கூட்டத்தில் உரத்த குரலுக்குப் பஞ்சமா?

அதனால் ஏரிக்கரைப் புளியமரத்தடி. காற்று ஓடும், நிழலும் உண்டு. காலை ஒன்பதுக்கே ஆரம்பிக்க வேண்டும். நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட வேண்டும், ஒரே வீட்டார் சேர்ந்து உட்காரலாம். நல்ல மைக்செட் ஒன்று அவசியம். மைக் இருந்தால் கத்த வேண்டாம், முகக்கவசத்தை இறக்கவும் வேண்டாம். கை கழுவ ஒரு டிரம் தண்ணீரும் சோப்பும். சென்ற முறைகளில் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடத்தான் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். வார்டுக்கு ஒரு நோட்டு, ஒரு மேசை என்று பிரித்தால் அது தீரும்.

இன்னொன்றும் சொன்னேன், இதுதான் அவளுக்குப் பிடித்தது. நூறு நாள் வேலைக்காரர்கள் காலையில் ஏரியில் தாமாகவே கூடுகிறார்கள். முந்தின வாரமே அவள் அங்கே போய்க் குறைகளை எழுதி வாங்கிவிட்டால், சபையில் பாதிப் பேச்சு மிச்சம். இருமல், காய்ச்சல் உள்ளவர்களின் மனுவையும் வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கை முன்கூட்டியே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். அதற்கு மட்டும் செயலர் தலையைச் சொறிகிறாராம்!

இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டேன், ஒரு நாள் கை வலி, அவ்வளவுதான். வர வியாழன் தீபாவளி. நீ இருந்தால் விடியற்காலையில் வெடிச் சண்டை போட்டிருப்போம்.

அப்புறம், அந்தப் புளியமரத்தடியில் செவ்வெறும்பு அதிகம். உங்கள் ஊரில் அதற்கு ஏதாவது வழி வைத்திருந்தால் எழுது.

உன்,
பழனி