நடந்து கேளுங்கள், நின்று பதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காலை நடைக்குப் போகிறவர்கள் குயில் கூவுவதையும் கோயில் மணியையும் கைப்பேசியில் பதிந்து வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார்கள். வரவேற்க வேண்டிய பழக்கம்தான். ஆனால் போட்டுக் கேட்டால் செருப்புச் சத்தமும் காற்று மோதும் 'புஸ் புஸ்'ஸும்தான் முன்னால் நிற்கின்றன. குயில் எங்கோ கிணற்றுக்குள் கூவுகிறது.

வாய்ஸ் மெசேஜ் பேச்சுக்காக உருவானது. பேச்சல்லாததை இரைச்சல் என்று வடிகட்டப் பார்க்கும். நமக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தானே! தனி ரெக்கார்டர் செயலியில், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் அமைப்பில் 'லாஸ்லெஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 11.5 எம்பி ஆகும். அனுப்பும்போது ஆடியோவாக அல்லாமல் டாக்குமெண்டாக இணையுங்கள்.

இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலி அளவு இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இரண்டாவதுதான் பெரிய தொல்லை. தெரு அமைதியாக இருக்கும்போது அது அளவைத் தானே ஏற்றிவிடும். ஓர் ஆட்டோ ஹாரன் அடித்ததும் சடாரென்று இறக்கும். ஹாரன் நின்ற பிறகும் சில நொடிகளுக்கு வாசல் தெளிக்கும் தண்ணீரோ துடைப்பச் சத்தமோ காதில் விழாது. கையால் அளவு வைக்க முடிந்தால், தெருவின் வழக்கமான சத்தத்துக்குச் செயலியின் அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள்; அதில் பூஜ்யம்தான் உச்சம், அதற்கு மேல் போனால் ஒலி சிதையும். மிச்சம் ஹாரனுக்கு.

நடந்துகொண்டே பதிவதில் பயனில்லை. முதலில் இருபது நிமிடம் பேசாமல், பதியாமல் நடந்து, எந்த முனையில் என்ன கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் விடியற்காலையில் சில அடி தள்ளி நின்றாலே பால் பாக்கெட் டிரே இறங்கும் சத்தம் போய், மரத்திலிருந்து செம்மார்புக் குக்குறுவான் பறவையின் 'டுக் டுக்' வந்துவிடும். இடம் முடிவானதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த கைக்குட்டை மேல் மதில் விளிம்பில் வையுங்கள். பெரும்பாலான போன்களில் மைக் சார்ஜ் போடும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த முனை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். கையில் பிடித்தால் விரல் நகர்வதுகூட இடியாகப் பதிவாகும். காற்றுக்கு முதுகைக் காட்டி, உடம்பாலேயே மறையுங்கள். மைக்குக்குப் போடும் பஞ்சு உறை லேசான காற்றுக்குத்தான். மெரினாவில் ரோம உறை இல்லாமல் எடுபடாது.

குறைந்தது மூன்று நிமிடமாவது ஓடவிடுங்கள். ஆள் வந்து நின்றதும் அணிலும் பறவையும் அடங்கிவிடும்; அவை பழையபடி கத்தத் தொடங்க நேரமாகும். முடிவில் இடம், தேதி, மணி, காற்று எப்படி என்று உங்கள் குரலிலேயே சொல்லி நிறுத்துங்கள். பிறர் பேச்சு தெளிவாக விழுந்திருந்தால் அதைப் பரப்ப வேண்டாம்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். அதற்காகப் போன் செயலி காட்டும் எண்ணைப் புகாருக்கு ஆதாரமாகக் கொண்டுபோகாதீர்கள். அது அளவு சரிபார்த்த கருவி அல்ல.

கனடாவின் வான்கூவரில் இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபரின் குழு நகரத்தின் ஒலிகளைப் பதிந்து 1973-இல் இசைத்தட்டாக வெளியிட்டது. 1990-களில் அதே நகரில் மறுபடியும் பதிந்தபோது ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இங்கே கோலமாவு, உப்பு விற்பவர்களின் சொந்தக் குரல் போய், வண்டியில் கட்டிய ஸ்பீக்கர் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. பழைய குரல்களை யாரும் ஒழுங்காகப் பதிந்து வைத்ததாகத் தெரியவில்லை.

வாசகர்களின் ஊர்ப் படங்களுக்கு இடம் தரும் தாங்கள், ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு தெருவின் ஒலிக்கு ஒரு கியூஆர் குறியீடு அச்சிடலாம். அதே இடம், அதே நேரம், அடுத்த ஆண்டும் என்று நிபந்தனை வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
சென்னை-4